வேலு மார்க்

குழந்தைவேலு தன் வாழ்நாளில் ஒரு பாட்டில் பீரை முழுதாகக் குடித்ததில்லை. இதைச் சொன்னால் போர்ட் பிளேரில் யாரும் நம்பமாட்டார்கள். அபர்தீன் பஜாரில் ஏறக்குறைய இரண்டு வருஷம் கறுப்பு பீருக்கு மார்க் போட்டவர் அவர். மூன்று மடக்குதான் வாயில் வாங்குவார். முதல் மடக்கைத் துப்பிவிடுவார். இரண்டாவதை நாக்குக்கு அடியில் நிறுத்திக்கொண்டு எதிர்ச் சுவரில் ஏதோ ஒரு புள்ளியையே பார்த்துக்கொண்டிருப்பார். மூன்றாவது மட்டும் தொண்டைக்குள் இறங்கும். பிறகு வெந்நீரில் வாய் கொப்பளித்து, ரொட்டியில் ஒரு துண்டைக் கிள்ளிப் போட்டுக்கொள்வார். பத்துக்கு இத்தனை என்று பெட்டியின் பலகையில் சாக்பீஸால் எழுதிவிட்டு அடுத்த பெட்டிக்கு நகர்வார்.

அவர் பெரார்கஞ்சில் எனக்குப் பக்கத்து வீட்டுக்காரராக வந்து சேர்ந்தது 1974இல். அதற்கு முன்னால் நடந்ததை அவரும் அவர் மனைவி மரகதமும் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். மரகதம் கோபமாகச் சொல்வார். குழந்தைவேலு சொல்லும்போது, வேறு யாருக்கோ நடந்ததைச் சொல்வதுபோல இருக்கும்.

இலங்கையில் நுவரெலியாவுக்குக் கீழே ஒரு தேயிலைத் தோட்டத்தில், லயம் என்கிற வரிசை வீடுகளில் பிறந்தவர். பத்தொன்பது வயதில், மலைமேல் இருந்த பீர் ஆலையில் பாட்டில் கழுவப் போனார். பிறகு ருசி பார்க்கும் அறையில் கிளாஸ் துடைக்கிற வேலை. துடைப்பதற்கு முன் ஒவ்வொரு கிளாஸையும் முகர்ந்து பார்ப்பது அவருக்கே தெரியாமல் வந்த பழக்கம். ஒருநாள், "மூணாந் தொட்டி புளிக்கத் தொடங்கிருச்சுங்க தொரை" என்றார். அறையிலிருந்தவர்கள் சிரித்தார்கள். நான்காம் நாள் அந்தத் தொட்டியைத் திறந்து அவ்வளவையும் சாக்கடையில் விட்டார்கள். அதற்கப்புறம் அதே அறையில் அவருக்கு ஒரு ஸ்டூல் கிடைத்தது. அதில் பதினாலு வருஷம் உட்கார்ந்தார். ஸ்டவுட் என்கிற கறுப்பு பீரில்தான் அவருக்குப் பிடிப்பு. வறுத்த பார்லியின் கசப்பு எந்த இடத்தில் காப்பிக்கொட்டை மாதிரி நிற்கிறது, எந்த இடத்தில் கருகிய சட்டியாகிவிடுகிறது, நுரை ஏன் ஒன்றில் பழுப்பாகவும் ஒன்றில் வெளுப்பாகவும் வருகிறது என்றெல்லாம் அவருக்கு அத்துபடி.

இரண்டு அரசாங்கங்கள் ஒப்பந்தம் போட்டு ஆட்களைப் பிரித்துக்கொண்டபோது, குழந்தைவேலு இந்தியப் பக்கம் வந்து விழுந்தார். மண்டபம் முகாமில் ஏழு மாதம். பிறகு, போர்ட் பிளேருக்குத் தெற்கே கச்சால் தீவில் ரப்பர் தோட்ட வேலை என்று எழுதிய ஒரு காகிதம். 1971 கடைசியில் மெட்ராஸில் கப்பலேறினார்கள்.

அந்தக் கப்பலில்தான் கோவிந்தராஜைப் பார்த்தார். புதுக்கோட்டைப் பக்கத்துக்காரர். அவரைவிட ஆறேழு வயது சிறியவர். அபர்தீன் பஜாரில் லைசென்ஸ் எடுத்து மதுக்கடை நடத்திக்கொண்டிருந்தார். பேச்சுவாக்கில் பீர் ஆலைக் கதை வந்ததும், கோவிந்தராஜ் கப்பல் சிப்பந்தி ஒருவரிடமிருந்து மூன்று கறுப்பு பாட்டில்கள் வாங்கிவந்து, லேபிளைச் சுரண்டிவிட்டு முன்னால் வைத்தார். ஆடுகிற கப்பலில், வாந்தி எடுத்து ஓய்ந்த வாயோடு, குழந்தைவேலு மூன்றையும் ருசி பார்த்தார்.

"இது ரெண்டும் ஒரே தொட்டியில பொறந்தது. ஒண்ணு மட்டும் வெயில்ல நின்னுருக்கு. மூணாவது பீர் சரக்கு நல்லது, ஆனா மூடி சரியில்ல, காத்து போயிருக்கு" என்றார்.

கோவிந்தராஜ் சிப்பந்தியிடம் போய் விசாரித்துவிட்டு வந்து, அவர் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

"அண்ணே, நீங்க ரப்பர் மரத்துல பால் எடுக்கப் போற ஆளா? எப்ப வேணும்னாலும் வாங்க. என் கடை உங்க கடை."

கச்சாலில் ஐந்து மாதம் இருந்தார். கத்தி பிடிக்கத் தெரியாமல் மரப்பட்டையை ஆழமாகக் கீறி ஏச்சு வாங்கினார். மரகதத்துக்குக் குளிர் காய்ச்சல் வந்து வந்து போனது. ஆஸ்பத்திரிக்கென்று போர்ட் பிளேர் வந்தவர்கள் அப்படியே தங்கிவிட்டார்கள். கோவிந்தராஜ் சொன்ன சொல் மாறவில்லை. சரக்குக் கிட்டங்கிக்குப் பின்னால் தகரக்கூரை போட்ட இரண்டறை வீட்டைக் கொடுத்தார். தன்னை முதலாளி என்று குழந்தைவேலு கூப்பிட்டால் கோபித்துக்கொள்வார். "தம்பின்னு கூப்புடுங்கண்ணே, இல்லேன்னா நான் திரும்பியே பாக்கமாட்டேன்."

மெயின்லாண்டிலிருந்து கப்பலில் வரும் சரக்கு எப்போது வரும், எத்தனை நாள் கப்பலின் வயிற்றில் வெந்துகிடந்தது என்று யாருக்கும் தெரியாது. ஒரே லேபிள் இந்த மாதம் அமிர்தமாக இருக்கும், அடுத்த மாதம் வாயில் வைக்க முடியாது. குழந்தைவேலு வந்த பிறகு அந்தக் குழப்பம் தீர்ந்தது. காலை பத்து மணிக்கு, வயிறு பாதி காலியாக இருக்கும் நேரத்தில், ஒவ்வொரு வரவிலும் ஐந்தாறு பெட்டியில் ஒவ்வொரு பாட்டில் திறப்பார். லேபிளில் இருக்கும் படத்தை வைத்துத்தான் ஊரில் சரக்குக்குப் பெயர். "நங்கூரத்துக்கு இந்தத் தடவை ஏழு. கருப்பட்டி வாசம் இருக்கு, கடைசியில கொஞ்சம் தண்ணியா ஓடுது." "காண்டாமிருகம் நாலு. ஈர அட்டையை மென்ன மாதிரி இருக்கு. வாங்காதீங்க." கடைக்கு வந்தவரிடமே இப்படிச் சொல்வார். கோவிந்தராஜ் பக்கத்தில் நின்று சிரித்துக்கொண்டிருப்பார். வாங்காதே என்று சொல்லும் கடை என்பதனாலேயே கூட்டம் கூடியது.

கப்பல்காரர்கள், மெஸ்ஸுக்கு வாங்க வரும் சமையல்காரர்கள், பெரார்கஞ்சிலிருந்து பஸ்ஸேறி வரும் வங்காளி தச்சர்கள் என்று எல்லாரும், "வேலு பாய் கா நம்பர் கித்னா ஹை?" என்று மார்க்கைக் கேட்டுவிட்டுத்தான் பையை நீட்டுவார்கள். பிள்ளை பெற்றவளுக்கு உடம்பு தேற வேண்டுமென்று ஸ்டவுட் வாங்கிப் போகும் வழக்கம் கடலோரக் குடும்பங்களில் இருந்தது. அவர்களுக்கு எட்டுக்குக் குறைந்ததைக் குழந்தைவேலு கொடுக்கவே மாட்டார்.

கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷம் கழித்து, 1973இல், மரகதத்துக்கு ஒரு பெண் பிறந்தது. சுசீலா என்று பெயர் வைத்தார்கள். மரகதத்தின் அண்ணன் தம்பிகள் எல்லாரும் இலங்கையிலேயே நின்றுவிட்டார்கள். காது குத்தும்போது பிள்ளையை யார் மடியில் உட்கார்த்துவது என்று அவர் அழுதுகொண்டிருந்தபோது, கோவிந்தராஜ் வேட்டியை மடித்துக்கொண்டு மணையில் உட்கார்ந்தார். "நான் இருக்கையில உனக்கு என்னம்மா கொறை?" தோடும் அவரே கொண்டுவந்திருந்தார். அன்றிலிருந்து மரகதத்துக்கு அவர் அண்ணன். பிள்ளைக்கு மாமன்.

அடுத்த வருஷம் ஏப்ரலில் நங்கூரம் ஸ்டவுட் முன்னூறு பெட்டி வந்தது. கப்பல் ஏற்கெனவே தாமதம். இறக்கிய பிறகு லாரி கிடைக்காமல் மூன்று வாரம் கப்பல் ஜெட்டியில் தார்ப்பாய்கூட இல்லாமல் வெயிலில் கிடந்தது. கிட்டங்கிக்கு வந்ததும் குழந்தைவேலு முதல் பாட்டிலைத் திறந்தார். நுரை பீறிட்டுக் கூரையைத் தொட்டது. முகர்ந்ததுமே முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஒரு பெட்டி மட்டும் அப்படியிருக்கலாம் என்று பன்னிரண்டு பெட்டிகளில் பார்த்தார். பழைய புளிக்கரைசலில் துருப்பிடித்த ஆணியைப் போட்ட மாதிரி இருந்ததாக என்னிடம் சொன்னார்.

"மூணு மார்க் தம்பி. அதுவே அதிகம். ஒரு பாட்டிலும் வெளிய போகக் கூடாது."

கோவிந்தராஜ் அடுக்கியிருந்த பெட்டிகளைச் சுற்றிவந்தார். "சரிண்ணே. மூணுன்னே எழுதிருங்க. தனியா அடுக்கி வைப்போம், மெட்ராஸுக்கே திருப்பி அனுப்பிருவோம்."

முன்னூறு பெட்டியிலும் குழந்தைவேலு தன் கையாலேயே மூன்று என்று எழுதினார். சாயங்காலமாகிவிட்டது. வீட்டுக்குக் கிளம்பும்போது கோவிந்தராஜ் கூடவே நடந்து வந்தார்.

"அண்ணே, மரகதம் ரொம்ப நாளா கச்சால் சனங்களைப் பாக்கணும்னு சொல்லிக்கிட்டுருக்கே. நாளைக்கழிச்சு ஒரு கப்பல் போகுது. டிக்கெட்டுக்குச் சொல்லிட்டேன். புள்ளையைக் காட்டிட்டு, பொறுமையா இருந்துட்டு வாங்க. கடையை நான் பாத்துக்கிறேன்."

மரகதம் அன்று கோவிந்தராஜுக்கென்று தனியாக ரொட்டி தட்டித் தேங்காய்ச் சம்பல் அரைத்துக் கொடுத்தார். "என் கையால ஆக்கிப் போட்டேன் அந்தாளுக்கு" என்று, பின்னாளில் இந்த இடத்துக்கு வரும்போதெல்லாம், அந்தக் கையைப் பார்த்துக்கொள்வார்.

திரும்பிவர இருபது நாளாயிற்று. ஜெட்டியில் இறங்கிய சற்று நேரத்துக்கெல்லாம் வண்டூர் அந்தோணிமுத்து வழியை மறித்தார். தூத்துக்குடிக் கரையிலிருந்து வந்து வண்டூரில் படகு கட்டுகிறவர். குழந்தைவேலுவின் மார்க்கை வேதவாக்காக எடுத்துக்கொண்டவர்களில் ஒருவர்.

"ஏ வேலு, எம் மூஞ்சியைப் பாத்துச் சொல்லும். நான் ஒமக்கு என்னவே கெடுதல் செஞ்சேன்?"

குழந்தைவேலுவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. தோளில் பிள்ளை தூங்கிக்கொண்டிருந்தது.

"எம் மவ ரீத்தா கல்யாணம். எட்டு மார்க்குன்னு எழுதியிருக்குன்னு இருபது பெட்டி எடுத்துட்டுப் போனேன். சம்பந்தக்காரன் முன்னால தொறந்தா, சாக்கடை மாதிரி பொங்குது. அவன் அண்ணன் ஒரு மடக்குக் குடிச்சிட்டு என் காலடியில துப்புனான்வே. பொண்ணு கொடுக்குற வீட்டுல இதான் மரியாதையான்னு கேட்டான். எம் மவ மாலையோட நின்னு அழுதா. ஒம்ம கையெழுத்தை நம்பித்தானவே போனேன்?"

"எட்டு எங்கிட்டேருந்து வரலைங்க அண்ணாச்சி. நான் மூணுதான் போட்டேன்."

"எழுதியிருந்ததைக் கண்ணால கண்டேன்" என்று சொல்லிவிட்டு அந்தோணிமுத்து நடந்துவிட்டார்.

பிள்ளையை மரகதத்திடம் கொடுத்துவிட்டுக் குழந்தைவேலு நேரே கிட்டங்கிக்குப் போனார். முன்னூறில் நாற்பது பெட்டிகூட மிச்சமில்லை. இருந்த பெட்டிகளில் எட்டு என்று இருந்தது. குனிந்து பார்த்தார். அவர் எழுதிய மூன்றேதான். அதன் இடது பக்கம் திறந்திருந்த இரண்டு வாயையும் யாரோ வளைத்து மூடியிருந்தார்கள். அவர் சாக்பீஸை அழுத்தி எழுதுவார். கூடச் சேர்ந்த வளைவுகள் மெல்லிதாக, தயங்கித் தயங்கிப் போயிருந்தன. ஒவ்வொரு பெட்டியாகத் தடவிக்கொண்டே போனார். வேறு யாராவது வேலைக்காரர் செய்திருப்பார், தம்பிக்குத் தெரிந்திருக்காது என்றுதான் அந்த நேரம்வரை நினைத்ததாகச் சொன்னார்.

கோவிந்தராஜ் கதவருகில் வந்து நின்றார்.

"எப்பண்ணே வந்தீங்க? புள்ள நல்லாருக்கா?"

"இதை யாரு தம்பி செஞ்சது?"

கோவிந்தராஜ் பொய் சொல்லவில்லை. அதுதான் இன்னும் கொடுமையாக இருந்தது. "நாந்தான். கொட்டிட்டுக் கையைக் கட்டிக்கிட்டு உக்காரச் சொல்றீங்களா? மெட்ராஸ்காரன் திருப்பி எடுக்கமாட்டான்ணே. உங்ககிட்ட சொன்னா நீங்க ஒத்துக்கமாட்டீங்க. அதான் அனுப்பி வெச்சேன்."

"அனுப்பி வெச்சியா?"

"கோவப்படாதீங்க. நீங்க மூணுன்னு சொல்றது உங்க நாக்குக்கு. இந்த ஊருல எவனுக்கு அந்த நாக்கு இருக்கு? இது மொத தடவையும் இல்ல. போன தீபாவளிக்கு நீங்க அஞ்சு போட்ட காண்டாமிருகத்தை, நீங்க வீட்டுக்குப் போன பெறகு ஒம்பதா ஆக்கி வித்தேன். அதுக்கு முந்தி ஒண்ணு. அன்னிக்கு எல்லாரும் வந்து உங்க கையைப் பிடிச்சுப் பாராட்டிட்டுப் போனாங்களே, அது எதுக்குன்னு நெனச்சீங்க?"

குழந்தைவேலுவுக்கு அந்தத் தீபாவளி நினைவிருந்தது. ஹேவ்லாக்கிலிருந்து வந்த ஒரு வங்காளி அவரைக் கட்டிப்பிடித்து, இப்படி ஒரு சரக்கைத் தன் வாழ்நாளில் குடித்ததில்லை என்று சொல்லிவிட்டுப் போனார். எதை மெச்சுகிறார் என்று விளங்காமலே அவரும் சிரித்துவைத்திருந்தார். அந்தோணிமுத்துவுக்கு நடந்த அவமானத்தைவிட இதுதான் அவரை ஆழமாக வெட்டியது. தன்னை நம்பினார்கள் என்று அவர் எண்ணியிருந்ததே கோவிந்தராஜ் வரைந்த வளைவுகளில் நின்றிருக்கிறது.

குழந்தைவேலு ஒரு சாக்கை வாளித் தண்ணீரில் நனைத்தார். கிட்டங்கியில் இருந்த எல்லாப் பெட்டிகளிலும், நல்லது கெட்டது பார்க்காமல், தன் எழுத்தைத் துடைத்தார். கோவிந்தராஜ் தடுக்கவில்லை. "துடைங்கண்ணே, மனசு ஆறட்டும். நாளைக்கு எழுதிக்கலாம்" என்று சொல்லிவிட்டுக் கடைக்குப் போய்விட்டார்.

மறுநாள் குழந்தைவேலு கடைக்குப் போகவில்லை. அதற்கு மறுநாளும் போகவில்லை. அந்த வாரத்துக்குள் பஜார் முழுக்க ஒரு பேச்சு பரவியது: கச்சால் காய்ச்சலுக்கு மாத்திரை தின்று தின்று வேலுவுக்கு நாக்கு மரத்துவிட்டது, பாவம், கோவிந்தராஜுதான் வெளியே சொல்லாமல் வைத்துக் காப்பாற்றினார். கேட்டவர்கள் அனுதாபப்பட்டார்கள். அந்த அனுதாபத்தை அவரால் தாங்க முடியவில்லை.

வண்டூருக்குப் பஸ்ஸேறினார். அந்தோணிமுத்து படகுப் பலகை இழைத்துக்கொண்டிருந்தார்.

"அண்ணாச்சி, என் நாக்கு செத்துப்போச்சுன்னு சொல்றாங்க. நீங்களே பாருங்க. எது வேணும்னாலும் ஊத்திக் குடுங்க."

அந்தோணிமுத்து முதலில் மறுத்தார். அவர் மனைவி ரோசலின்தான், "மனுசன் இவ்வளவு தூரம் வந்து கேக்காரு, பாத்துருவோமே" என்றார். அந்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் படகுக் கொட்டகையில் பத்துப் பன்னிரண்டு பேர் கூடினார்கள். கடைகளிலும் கப்பல்காரர்களிடமும் நாலைந்து விதமான கறுப்பு பீர் சேகரித்திருந்தார்கள். ரோசலின் துணிக்குப் பின்னால் நின்று ஊற்றி, எண் போட்டு அனுப்பினார்.

குழந்தைவேலு ஒவ்வொரு கிளாஸையும் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். துப்பினார், நிறுத்தினார், விழுங்கினார், கொப்பளித்தார்.

"ஒண்ணு, காண்டாமிருகம். ஆறு மார்க். ரெண்டு, சிங்கப்பூர்ச் சரக்கு, ஒம்பது. காப்பியும் வெல்லமும் சேர்ந்தாப்புல வருது. மூணு, நங்கூரம். அந்த வெயில் சரக்குதான், இன்னும் கெட்டுருக்கு. நாலாவதும் காண்டாமிருகம்தான், ஆனா வேற வரவு. அஞ்சுல ரெண்டு பாட்டிலைக் கலந்துருக்கீங்கம்மா."

துணிக்குப் பின்னாலிருந்து ரோசலின் வாயில் கைவைத்தபடி வெளியே வந்தார். ஐந்தும் சரி. கூடியிருந்தவர்கள் ஆவென்று பார்த்தார்கள். குழந்தைவேலு அந்தோணிமுத்துவின் முகத்தைப் பார்த்தார். அது மலரவில்லை.

"நாக்கு நல்லாத்தான்வே இருக்கு" என்றார் அந்தோணிமுத்து. "அப்படின்னா தெரிஞ்சேதான் எட்டு போட்டிருக்கீரு."

குழந்தைவேலு இதை நினைத்தே பார்க்கவில்லை. மூன்று எப்படி எட்டாயிற்று என்று தரையில் விரலால் எழுதிக் காட்டினார். கோவிந்தராஜ் தன் வாயால் ஒப்புக்கொண்டதைச் சொன்னார். "ஒம்ம புள்ளைக்கு மாமன் அவரு. அவரு தலையிலயே போடுதீரா?" என்று ஒருவர் கேட்டார். ஆதாரமாகக் காட்டுவதற்குப் பெட்டிகள் இருக்கின்றன என்று சொல்ல வாயெடுத்தார். அவற்றைத் தானே ஈரச் சாக்கால் துடைத்துவிட்டது அப்போதுதான் ஞாபகம் வந்தது. கூட்டம் மெல்லக் கலைந்தது. ரோசலின் மட்டும் ஒரு செம்பு தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

குழந்தைவேலு வீடு திரும்பிச் சொன்னதைக் கேட்டதும் மரகதம் எழுந்தார். தூங்கிக்கொண்டிருந்த பிள்ளையின் காதிலிருந்து தோடுகளைக் கழற்றினார். வேப்பங்குச்சியை ஒடித்துத் துளையில் செருகினார். கோவிந்தராஜின் வீட்டு வாசலில் அவர் மனைவி விசாலாட்சியிடம் தோடுகளைக் கொடுத்து, "எனக்கு அண்ணன் இலங்கையில இருக்காருங்க. இங்க யாரும் கெடையாது" என்று சொல்லிவிட்டு வந்தார். விசாலாட்சிக்கு எதுவும் தெரிந்திருக்கவில்லை. என்னம்மா, என்னம்மா என்று தெருமுனைவரை பின்னாலேயே வந்தாராம்.

கோவிந்தராஜ் கொடுத்த வீட்டைக் காலி செய்துவிட்டுப் பெரார்கஞ்சுக்கு வந்தார்கள். அங்கே பாக்குத் தோட்டம் ஒன்றில் குழந்தைவேலுவுக்கு வேலை கிடைத்தது. மரத்துக்கு மண் அணைப்பார், உரித்த பாக்கைக் காயப்போடுவார். ஆபீஸர் மெஸ் ஒன்றிலிருந்து ஆள் அனுப்பி, வந்து சரக்கு பார்த்துக் கொடுக்க முடியுமா என்று இரண்டு தடவை கேட்டார்கள். முடியாது என்றார். நான் ஒருமுறை ஏன் என்று கேட்டேன். "நான் சொல்றதை நான் வெச்சுக்கலாமுங்க. எழுதிக் குடுத்தா அது என் கையில இல்ல" என்றார்.

அபர்தீன் பஜாரில் அவர் பெயர் ஓயவேயில்லை. கோவிந்தராஜ் வேறொரு ஆளை வைத்துப் பெட்டிகளில் எழுத ஆரம்பித்திருந்தார். இரண்டாவது கடை திறந்தபோது வாசல் பலகையில் 'வேலு மார்க் சரக்கு இங்கே கிடைக்கும்' என்று பெயின்டால் எழுதிவைத்தார். நாக்கு மரத்த கதை அதற்குள் எல்லாருக்கும் மறந்திருந்தது. மருந்து வாங்கப் போன ஒருநாள் நானும் குழந்தைவேலுவும் அந்தப் பலகைக்கு எதிரே நின்றோம். அவர் அதை ஒரு தரம் வாசித்தார். பிறகு, பஸ் போய்விடும் என்றார்.

1978இல் கோவிந்தராஜ் பெரார்கஞ்சுக்கே வந்தார். புது வீடு கட்டிக் கிரகப்பிரவேசம். தட்டில் பழம், வெற்றிலை, பத்திரிகை. நான் அப்போது அங்கே இருந்தேன். முடி நரைத்து, உடம்பு பெருத்திருந்தார். குழந்தைவேலு நாற்காலி எடுத்துப் போட்டார். மரகதம் உள்ளேயிருந்து வரவில்லை.

"அண்ணே, பழசெல்லாம் எதுக்கு? நீங்க வந்து நின்னாத்தான் எனக்கு வீடு வீடா இருக்கும். சத்தியமாச் சொல்றேன்." சொல்லும்போது அவர் கண் கலங்கியது. அது நடிப்பில்லை என்றே எனக்குப் பட்டது.

"வாறேன் தம்பி," என்றார் குழந்தைவேலு. "வர்றதுக்கு முந்தி ஒண்ணே ஒண்ணு செய்யணும். வண்டூர் அந்தோணிமுத்து அண்ணாச்சிகிட்டப் போயி, அந்த எட்டு நான் போட்டதில்லன்னு நீயே சொல்லிட்டு வந்துரு."

கோவிந்தராஜ் தட்டிலிருந்த வெற்றிலையை நேராக்கினார். "அவரு அதையெல்லாம் மறந்துருப்பாருண்ணே."

"நான் மறக்கலையே."

"இப்பப் போயி நான் அப்படிச் சொன்னா, என் கடைப் பேரு என்னாகும்? யோசிச்சுப் பாருங்க."

குழந்தைவேலு எழுந்து, வேலைக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லி மண்வெட்டியை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போனார். கோவிந்தராஜ் என்னைப் பார்த்தார். தட்டை நாற்காலியின் மேல் வைத்துவிட்டு அவர் ஜீப்பில் ஏறினார்.

மதியம் போர்ட் பிளேர் பஸ் வந்தபோது மரகதம் அந்தத் தட்டைத் துணியில் முடிந்து கண்டக்டரிடம் கொடுத்தார். "அபர்தீன் பஜார், கோவிந்தராஜ் கடை மே தே தோ" என்று, கடையில் கொடுத்துவிடச் சொன்னார். யார் கொடுத்ததாகச் சொல்லட்டும் என்று கண்டக்டர் கேட்டார்.

"அவருக்குத் தெரியும்" என்று சொல்லிவிட்டு, சுசீலாவைப் பள்ளியிலிருந்து கூட்டிவர நடந்தார்.